தண்டம் கட்ட வழியற்றவன் மறியலுக்கோ?

இலங்கைச் சிறைகளில் இன்று அடைபட்டிருப்போரின் தொகை, அச்சிறைகள் கொள்ளக்கூடிய தொகையின் இரு மடங்கிற்கும் மேற்பட்டது. இவர்கள் எல்லோரும் கொலைஞரும் கொள்ளைக்காரருமே என்றெண்ணுவோர், சிறைச்சாலைத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தண்டனை பெற்று உள்ளே செல்வோரில் பெருந்தொகையினர், பல ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர், நீதவான் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வழியற்றவர்களே. அதே குற்றத்தைச் செய்து அதே மன்றில் நின்றவன், கையிற் காசிருந்தால் மாலையில் வீடு திரும்புகிறான். இல்லாதவன் மறியலுக்குப் போகிறான். இதற்கு நீதி என்று பெயர்!

விளக்கமறியலின் கதை இதனினும் கொடிது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் கூறுகிறது. ஆயினும், பிணை கிடைத்த பின்னரும் கையொப்பமிட ஆளின்றி உள்ளே கிடக்கும் ஏழைகள் உளர். வன்னியில் ஒரு கமக்காரன் ஐப்பசி மாதத்தில் இரு வாரம் மறியலில் இருந்தால், அவன் இழப்பது இரு வாரத்தையன்று, பெரும்போகம் முழுவதையுமே. விதைப்புத் தவறிய வயல், தீராத கடன், அடகுக்குப் போன தாலிக்கொடி, பள்ளியை விட்டு நின்ற மகன்: அடுத்த குற்றத்துக்கு வித்து இங்கேதான் இடப்படுகிறது. 2020 நவம்பரில், நெரிசலும் நோயச்சமும் சேர்ந்து மூட்டிய மகரச் சிறைக் கலவரத்தில் 11 கைதிகள் மாண்டனர். நாடு சில நாள் பேசியது, பின்னர் மறந்தது.

அரசைக் குறை கூறுதல் எமக்குப் புதிதன்று; இனியும் கூறுவோம். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தமிழ் இளைஞர் ஆண்டுக்கணக்காக விசாரணையின்றி வாடியமைக்கு எந்த ஊர்ச் சங்கமும் மருந்தாகாது. அஃது அரசே துடைக்கவேண்டிய கறை. ஆனால் வேலிச் சண்டைக்கும் கசிப்புக்கும் கொழும்பைச் சுட்டிக்காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

யாழ்ப்பாணத்து எல்லை வழக்குகள் பேர்போனவை. ஒரு முழ நிலத்துக்காகக் கதியாலைப் பிடுங்கி நட்ட எம்மவர், தலைமுறை தலைமுறையாக அப்புக்காத்துமாரை வாழவைத்தனர். மாடு வயலிற் புகுந்ததும் வாய்க்கால் மறிக்கப்பட்டதும் வன்னியிற் கைகலப்பாகி, பொலிசுக்குப் போய், மறியலில் முடிகின்றன. இத்தகையவற்றை ஊரிலேயே தீர்க்க 1958 இல் இணக்க சபைகள் சட்டமாயின. அரசியற் சார்பான நியமனங்கள் அவற்றின் பெயரைக் கெடுத்தன; அவை ஒழிந்தன. அப்பாடத்தைக் கற்றே, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளின் நியமனத்தைத் தனி ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அங்கே சட்டத்தரணி வாதாடுவதில்லை. மத்தியஸ்தர் தீர்ப்பளிப்பதில்லை, இரு தரப்பையும் கேட்டு இணங்கச் செய்வர். சிறுகாயம், அத்துமீறல் போன்ற சிறு குற்றங்களும் அங்கே தீரக்கூடியவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் இச்சுமையைத் தாங்குகின்றனர்; ஏனைய கற்றோர் எங்கே? கோவில் நிருவாக சபைக்கு நிகழும் போட்டியில் நூறிலொரு பங்கேனும் இதற்கு உண்டா?

இன்னுமொரு வழி உண்டு. சிறைத்தண்டனைக்குப் பதிலாக ஊதியமற்ற பொதுவேலையை விதிக்க 1999 ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. குளக்கட்டைத் திருத்தலாம், பாடசாலை வளவைத் துப்புரவாக்கலாம். குற்றவாளி இரவில் தன் பிள்ளைகளோடு உறங்குவான். அவனுக்கு வேலை கொடுத்து மேற்பார்க்க ஊரில் ஓர் அமைப்பு முன்வந்தாலன்றி, நீதவான் இக்கட்டளையை யாரை நம்பி இடுவார்?

கசிப்பும் போதைப்பொருளும் வேறு வகை. அங்கே மருத்துவர் தேவை, வேலை தேவை. அடிமைப்பட்டவனை அடைப்பதால் விற்பவன் ஒரு வாடிக்கைக்காரனைச் சில மாதம் இழக்கிறான், அவ்வளவே.

சட்டத்தரணிகளே, தண்டத்தைத் தவணையிற் செலுத்த அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்காதீர்கள். கமக்காரர் அமைப்புகளே, அயலவனுக்குப் பிணை நிற்க ஊருக்கு நால்வரைத் தெரிந்து வையுங்கள். நம் ஊரவர் எவரெவர் இன்று மறியலில் இருக்கின்றனர், எத்தனை ரூபாவுக்காக இருக்கின்றனர் என்ற கணக்கை, பெரும்போக விதைப்புக்கு முன் ஒவ்வொரு சனசமூக நிலையமும் எடுக்கட்டும்.