“எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி”



வீட்டு வேலைக்கு நிற்கும் பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் எங்களில் பலர் சொல்வது, “அவ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி.” மெக்சிகோ இயக்குநர் அல்போன்சோ குவாரன் 2018இல் எடுத்த ‘ரோமா’ இந்தப் பேச்சைத்தான் இரண்டே கால் மணித்தியாலம் சோதித்துப் பார்க்கிறது.

குவாரனை எங்கள் மாணவர்களுக்கு ஹரி பொட்டரின் மூன்றாம் படத்தால் தெரியும். ‘கிராவிட்டி’ படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஒஸ்காரை வாங்கிய முதல் லத்தீன் அமெரிக்கர் அவர். அந்தப் பெயரெல்லாம் வந்த பிறகு, தான் சிறுவனாக வளர்ந்த மெக்சிகோ சிட்டிக்கே கதையைக் கொண்டுபோனார். தன்னை வளர்த்த பணிப்பெண் லிபோவுக்குப் படத்தைச் சமர்ப்பித்தார். கிளியோவாக நடித்த யலிட்சா அபரிசியோ ஒஹாகா மாநிலத்துப் பழங்குடிப் பெண். முன்பு நடித்ததே இல்லை, பாலர் பாடசாலை ஆசிரியையாகப் படித்தவர். (எங்கள் துறைக்காரி என்று எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை!)

படம் கறுப்பு வெள்ளை, பின்னணி இசையும் இல்லை. வெட்டாமல் நீளமாக எடுப்பது குவாரனின் பழைய வழக்கம். ‘சில்ரன் ஒப் மென்’னில் அது மூச்சை அடைக்கும். இங்கே அவசரமே இல்லை. கமெரா தள்ளி நின்று மெதுவாகத் திரும்ப, கிளியோ இரவில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போகிறாள். ஒரு வீட்டின் வேலை எவ்வளவு நேரம் தின்னும் என்று அப்போதுதான் விளங்குகிறது.

கிளியோ பேசுவதே குறைவு, அவள் மனசு தெரியவில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களைப் பாருங்கள். குடும்பமே டீவி பார்க்கிறது, கிளியோ பக்கத்தில் தரையில் இருக்கிறாள், பையன் அவள் தோளில் கை போடுகிறான். அந்த நேரம் பார்த்து, ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டு வரச் சொல்கிறார்கள். பிறகு, நீந்தத் தெரியாத அவள் கடலில் இறங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வீடு வந்ததும் பிள்ளை கேட்பது வாழைப்பழ மில்க் ஷேக். அவள் குசினிக்குப் போகிறாள். அன்பு பொய்யில்லை, வேலையும் குறையவில்லை.

2018 டிசம்பரில் மெக்சிகோவின் உயர் நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களைக் கட்டாய சமூகப் பாதுகாப்பிலிருந்து விலக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2019இல் தொழிற் சட்டமும் திருத்தப்பட்டது. அது படம் வாங்கிக் கொடுத்ததல்ல, பணிப்பெண்களே பல வருடம் போராடியது. அன்பான எஜமானியின் வீட்டுக்கும் அந்தச் சட்டம்தான்.

வளைகுடாவுக்குப் போன எங்கள் சகோதரிகளுக்கு லீவு இல்லை, சம்பளம் பிந்துகிறது என்று நாங்கள் கோபப்படுகிறோம், சரிதான். எங்கள் குசினியில் நிற்கும் பிள்ளைக்கு லீவு எந்தக் கிழமை?

படம் நெட்பிளிக்ஸில் இருக்கிறது. ஆணொருவர் உடுப்பில்லாமல் வரும் காட்சி ஒன்று உண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாதீர்கள்.