நட்சத்திரம் ஆடினால் ஆட்டம் வளருமா?

ஒரு விளையாட்டை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டுமா? ஒரு நடிகரையோ பாடகரையோ அழைத்து விளையாடச் சொல்லி, அதைத் தொலைக்காட்சியில் காட்டினால் போதும் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் பலர் நினைக்கின்றனர். சமையல், நடனம், காற்பந்து என்று எல்லாவற்றிலும் இந்த வழி பின்பற்றப்பட்டு வருகிறது. பில்லியர்ட்ஸும் இதற்கு விலக்கன்று. பிரபலங்கள் கோலைப் பிடித்துப் பந்தை அடிக்கும் நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. ‘நல்லதுதானே, இதுவரை பார்க்காதவர்களும் பார்ப்பார்கள்’ என்பது ஒரு சாராரின் வாதம். ‘பல ஆண்டுப் பயிற்சியைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள்’ என்பது மற்றொரு சாராரின் வருத்தம்.

இவ்விரு சாராரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, பார்த்தவர்கள் எதை நினைவில் வைத்துக்கொண்டு எழுந்து சென்றார்கள் என்பதே முக்கியம். ஆட்டமா, ஆளா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை உண்டு என்பது விளங்கும்.

அதற்கு முன் இந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. பில்லியர்ட்ஸ் என்பது ஒரே ஆட்டத்தின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். துணி விரித்த மேசை, நீண்ட கோல், உருளும் பந்துகள் ஆகியவை அக்குடும்பத்திற்குப் பொதுவானவை. இங்கிலீஷ் பில்லியர்ட்ஸில் பந்துகள் மூன்றே மூன்று. ஸ்னூக்கரில் 22. பூல் ஆட்டத்தில் எண்ணிட்ட பந்துகள் இருக்கும். எல்லாமே தொலைக்காட்சிக்குச் சற்றுச் சங்கடமான ஆட்டங்கள்தாம். ஓட்டமில்லை, மோதலில்லை, கூச்சலும் இல்லை. போதாக்குறைக்கு, தேர்ந்த விளையாட்டாளர் ஒருவர் ஆடும்போது எல்லாம் மிக எளிதாகத் தோன்றும். பந்தைக் குழிக்குள் தள்ளுவது அவருடைய திறமையில் ஒரு பாதிதான். அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் வெள்ளைப் பந்தைக் கொண்டுவந்து நிறுத்துவது மறுபாதி. ஆட்டம் தெரியாதவரின் கண்ணுக்கு அந்த மறுபாதி புலப்படாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முகத்தைத் தேடிப் போகிறார்கள்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு ‘தி ஹஸ்லர்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. பணம் வைத்துப் பூல் ஆடும் ஓர் இளைஞனின் கதை அது. அதில் ‘மின்னசோட்டா ஃபேட்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆட்டக்காரர் வருவார். படம் வெற்றி பெற்றதும், ருடால்ஃப் வாண்டரோன் என்பவர், அந்தப் பாத்திரம் தம்மைப் பார்த்தே உருவாக்கப்பட்டது என்று சொல்லத் தொடங்கினார். கதையை எழுதிய வால்டர் டெவிஸ் அதை மறுத்தார். ஆனால், வாண்டரோன் அதைப் பொருட்படுத்தவில்லை. பாத்திரத்தின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார்!

பருத்த உடல், ஓயாத பேச்சு, கேட்பவரைச் சிரிக்கவைக்கும் கட்டுக்கதைகள் ஆகியவை வாண்டரோனிடம் நிறைய இருந்தன. தொலைக்காட்சிக்கு வேறென்ன வேண்டும்? திரையுலகப் பிரபலங்களோடு அவர் பில்லியர்ட்ஸ் ஆடும் நிகழ்ச்சி ஒன்றும் அவர் பெயரிலேயே ஒளிபரப்பானது. அமெரிக்க மக்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த பூல் விளையாட்டாளர் அவர்தாம். ஆனால், அவர் பெரிய போட்டி எதிலும் பட்டம் வென்றவர் அல்லர்.

பட்டங்களை வென்றவர் வேறொருவர். வில்லி மோஸ்கோனி 1941க்கும் 1957க்கும் இடையில் உலகப் பட்டத்தை 15 முறை வென்றார். 1954இல் ஒரு காட்சி ஆட்டத்தில், ஒருமுறைகூடத் தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ச்சியாகக் குழிக்குள் தள்ளினார். ‘தி ஹஸ்லர்’ படத்திற்கு ஆட்ட நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. நேர்த்தியாக உடையணிந்து, அளவோடு பேசும் அவருக்கு, பூல் என்றாலே சூதாட்டம் என்று மக்கள் எண்ணுவது பிடிக்கவில்லை. வாண்டரோனின் புகழ் அந்த எண்ணத்தை மேலும் வளர்க்கிறது என்று அவர் வெளிப்படையாகவே குறைகூறினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ‘பூல்’ என்ற பெயரே, ஆடுபவர்கள் பந்தயப் பணத்தை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் வழக்கத்திலிருந்து வந்ததுதான். அந்தப் பழைய கறையைத் துடைக்கத்தான் மோஸ்கோனி போன்றவர்கள் பாடுபட்டார்கள்.

1978இல் ஏபிசி தொலைக்காட்சி இவ்விருவரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இருவரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இருந்தும், நாடு முழுவதும் ஏராளமானோர் அந்த ஆட்டத்தைப் பார்த்தனர். வாண்டரோன் பேசினார், மோஸ்கோனி வென்றார். ஆயினும், மக்களைக் கவர்ந்தது பேச்சுத்தான்.

அதன்பின் என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அன்று பார்த்து மகிழ்ந்தவர்கள் மறுவாரமும் தொலைக்காட்சி முன் அமர்வதற்கு, முன்னணி ஒளிவழியில் நிலையான இடம்பிடித்த போட்டித் தொடர் எதுவும் இல்லை. 1961இல் படம் வந்தபோதும் இதே கதைதான். புதிய ஆட்டக்கூடங்கள் தோன்றின. சில ஆண்டுகளில் அந்த ஆர்வம் தணிந்தது. 1986இல் ‘தி கலர் ஆஃப் மணி’ என்ற அடுத்த படம் வந்தபோது மீண்டும் ஓர் அலை எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு படத்துக்காகவோ ஒரு முகத்துக்காகவோ காத்திருக்கும் நிலையில்தான் அந்த விளையாட்டு இருந்தது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. அது திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த வழி என்றும் சொல்லிவிட முடியாது. 1967இல் பிபிசியின் இரண்டாம் ஒளிவழி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ணத்தின் அழகைக் காட்டக்கூடிய, செலவு குறைந்த நிகழ்ச்சி ஒன்று தேவைப்பட்டது. அப்போது அந்த ஒளிவழிக்குப் பொறுப்பாக இருந்தவர், பின்னாளில் இயற்கை ஆவணப்படங்களால் உலகப் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ. பச்சை மேசைமீது சிவப்பு, மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு எனப் பந்துகள் உருளும் ஸ்னூக்கரைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது? 1969இல் ‘பாட் பிளாக்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது.

அதில் நடிகர்கள் ஆடவில்லை. ஆடியவர்கள் அனைவரும் தேர்ந்த விளையாட்டாளர்கள். நாள்கணக்கில் நீளக்கூடிய ஆட்டத்தை ஒரே சுற்றாகச் சுருக்கி, அரைமணி நேரத்தில் முடித்தார்கள். டெட் லோவ் என்பவர் தாழ்ந்த குரலில் வருணனை செய்தார். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு உதவுவதாக நினைத்து, இளஞ்சிவப்புப் பந்து பச்சைப் பந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் ஒருமுறை சொன்னதை இன்றும் நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். வாரந்தோறும் பார்த்துப் பார்த்தே மக்கள் விதிகளைக் கற்றுக்கொண்டார்கள். முதல் ஆண்டில் வென்ற ரே ரியர்டன் முன்பு சுரங்கத் தொழிலாளியாகவும் காவல்துறை அதிகாரியாகவும் இருந்தவர். பின்னர் அவர் உலகப் பட்டத்தை ஆறு முறை வென்றார். பிரபலங்களை அழைத்துவந்து ஆட்டத்தைக் காட்டவில்லை. ஆட்டத்தைக் காட்டியதால் ஆடியவர்கள் பிரபலமானார்கள்.

1978 முதல் பிபிசி உலக ஸ்னூக்கர் போட்டியை ஒவ்வொரு நாளும் ஒளிபரப்பியது. 1985இல் நடந்த இறுதிச்சுற்று நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. ஸ்டீவ் டேவிஸும் டென்னிஸ் டெய்லரும் 17க்கு 17 என்று சமநிலையில் இருக்க, கடைசிச் சுற்றின் கடைசிக் கறுப்புப் பந்தில்தான் டெய்லரின் வெற்றி உறுதியானது. அதைக் கண்விழித்துப் பார்த்தவர்கள் 1 கோடியே 85 லட்சம் பேர். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்! அவர்களில் எவரும் ஒரு நடிகரைப் பார்ப்பதற்காக விழித்திருக்கவில்லை.

கேளிக்கை பிறகு வந்தது. 1991 முதல் 2002 வரை ஒளிபரப்பான ‘பிக் பிரேக்’ நிகழ்ச்சியை நகைச்சுவையாளர் ஒருவர் வழிநடத்தினார். பொதுமக்கள் கேள்விகளுக்கு விடை சொல்வார்கள்; அவர்களின் கூட்டாளியாக ஒரு ஸ்னூக்கர் விளையாட்டாளர் பந்தை அடிப்பார். முன்னாள் விளையாட்டாளர் ஜான் விர்கோ வேடிக்கையான வித்தை அடிகளைச் செய்துகாட்டுவார். இது ஸ்னூக்கரின் மதிப்பைக் குறைத்தது என்று சொல்ல முடியாது. பார்ப்பவர்களுக்கு ஆட்டம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மேசையில் கோலைப் பிடித்தவர்களும் உண்மையான விளையாட்டாளர்களே. கேளிக்கை தீங்கானது என்று எண்ணுபவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரபலங்கள் ஆடுவதிலும் ஒரு நன்மை உண்டு. அதை மறைப்பது முறையன்று. நடிகர் ஒருவர் எளிதாகத் தோன்றும் பந்தைத் தவறவிடும்போதுதான், அது எளிதன்று என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது. மேலே சொன்ன ‘கண்ணுக்குப் புலப்படாத மறுபாதி’ அப்போது சற்றே வெளிப்படுகிறது. ஆனால், அருகிலேயே ஒரு தேர்ந்தவர் நின்று, தவறு எங்கே நேர்ந்தது என்று காட்டினால்தான் இந்த நன்மை கிட்டும். இல்லாவிட்டால் அது வெறும் சிரிப்போடு முடிந்துவிடும்.

நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிலிப்பீன்ஸைச் சேர்ந்த எஃப்ரன் ரேயஸ், சிறுவயதில் மணிலாவில் தம் உறவினரின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை பார்த்து, இரவில் மேசைமீதே படுத்துறங்கியவர். 1999இல் அவர் உலகப் பூல் பட்டத்தை வென்றபோது பிலிப்பீன்ஸ் மக்கள் அதைத் தொலைக்காட்சியில் கண்டு களித்தனர். சிறுவர்கள் அவரைப்போல் ஆட விரும்பினர். அங்கே திசையே மாறிவிட்டது. 2003இல் வெளிவந்த ‘பாக்னர்ஸ்’ திரைப்படத்தில், அந்நாட்டின் புகழ்மிக்க நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியருடன் ரேயஸ் நடித்தார். நடிகரின் புகழை விளையாட்டு நாடவில்லை. விளையாட்டாளரின் புகழைத் திரையுலகம் நாடியது.

சிங்கப்பூரின் நிலை என்ன? 2007இல் பீட்டர் கில்கிறிஸ்ட் இங்கிலீஷ் பில்லியர்ட்ஸில் ஒரே முறையில் 1,346 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனை படைத்தார். உலகப் பட்டங்களையும் சிங்கப்பூருக்குப் பெற்றுத் தந்தார். அலோஷியஸ் யாப் 2021இல் அமெரிக்கப் பொது விருதுப் பூல் போட்டியின் இறுதிச்சுற்றுவரை சென்றார். ஆயினும், இவர்கள் ரயிலில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தால், பயணிகளில் பலருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின்போது செய்தியில் பதக்க எண்ணிக்கையோடு இவர்கள் பெயர் வந்துபோகும். பில்லியர்ட்ஸ் கூடம் பிள்ளைகள் போகக்கூடாத இடம் என்று எண்ணும் பெற்றோரும் இன்னும் இருக்கிறார்கள்.

இத்தகைய சூழலில் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒரு பிரபல நடிகரைப் பூல் ஆட அழைத்தால் அதை எதிர்க்க வேண்டியதில்லை. எந்தச் சமூக மன்றத்தில் மேசை இருக்கிறது, எங்கே பயிற்சி தருகிறார்கள் என்று நிகழ்ச்சியின் நடுவே சொன்னால் போதும். ஆர்வம் கொண்ட மாணவன் மறுநாள் எங்கே போவது என்று திகைக்க மாட்டான். மறுவாரம் அதே நேரத்தில் ஓர் உண்மையான போட்டியை ஒளிபரப்பவும் வேண்டும். நடிகர் குழிக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பந்தை அடித்துவிட்டுச் சிரிக்கட்டும். அடுத்து, அதே பந்தை அதே இடத்தில் வைத்து யாப் எப்படி அடிக்கிறார், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதைக் கேமரா மெதுவாக, இரண்டு முறை காட்டட்டும்.