வேலியில் ஓட்டை விழுந்தால் வேலியைப் பிடுங்குவதா?

கந்தர்வக்கோட்டை சுத்துப்பட்டு கிராமங்களில் கொல்லை வேலியில் ஓர் ஓட்டை விழுந்தால் இப்போதெல்லாம் என்ன நடக்கிறது? முதல் வாரம் அந்த ஓட்டையில் ஒரு உடைந்த கட்டிலைச் சாத்தி வைக்கிறார்கள். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு ஆடு அந்தக் கட்டிலையும் தாண்டி வந்து முருங்கைக் கன்றைக் கடிக்கிறது. ஒரு சண்டை. மூன்றாவது வாரம் ஜேசிபி வந்து நிற்கிறது. ஓட்டை விழுந்தது நாலடி. பிடுங்கி எறிவது தாத்தா காலத்துக் கிளுவை வேலி மொத்தத்தையும்! அந்த இடத்தில் கல்லுக்காலும் கம்பி வலையும். வெளிநாட்டுப் பணம் வருகிற வீடாக இருந்தால் காம்பவுண்டு சுவர்.

ஏன் என்று கேட்டால் "நீட்டா இருக்குல்ல" என்று ஒரே பதில்தான். சட்டையில் பொத்தான் அறுந்ததற்குச் சட்டையையே கொளுத்துகிற ஆளைப் பார்த்தால் சிரிப்போம். வேலி விஷயத்தில் மட்டும் அது முன்னேற்றம் :-)

இந்த வழக்கம் கஜா புயலுக்கு அப்புறம் இன்னும் சுலபமாகிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் நாகை, திருவாரூர், தஞ்சாவூர் வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்து தென்னை, பலா, முந்திரி எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்கள் வேலிகளையும் நசுக்கின. ஆனால் நசுங்கிய கிளுவை செத்துவிடுவதில்லை. மரத்தை அறுத்து அகற்றினால் அடுத்த மழையில் அடியிலிருந்து தளிர்க்கும். அதுவரை பொறுக்கத்தான் யாருக்கும் மனசில்லை. சேதத்தைக் காட்டி வேலிக்கும் சேர்த்துக் காரியம் முடித்துவிட்டார்கள்.

காமர்ஸ் படிக்கிற நண்பர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தேய்மானம் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறோமே, கம்பி வலையை அந்தக் கணக்கில் வையுங்கள். போட்ட அன்றைக்கு அதன் மதிப்பு உச்சம். அப்புறம் துரு, இறக்கம்தான். உயிர்வேலியோ நட்ட அன்றைக்குத்தான் மதிப்பு கம்மி. வருஷம் ஆக ஆகத் தண்டு தடிக்கும், முள் நெருங்கும். ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, அடுத்த வேலிக்குப் போத்து என்று வருமானம் வேறு. தேய்மானமே இல்லாத சொத்தை விற்றுத் தேய்கிற சொத்தை வாங்குகிறவருக்கு எந்தப் பேராசிரியர் மார்க் போடுவார்?

ஓட்டையை அடைப்பது ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. நல்லா இருக்கிற பக்கத்தில் கைத்தடி கனத்துக்குக் கிளுவைப் போத்துகளை வெட்டி, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டையில் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்து ஊன்ற வேண்டும். குறுக்கே ஒரு மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்ட வேண்டும். துளிர் பிடிக்கிற வரை வெளிப்பக்கம் காய்ந்த முள்ளை அணைத்து வைத்தால் ஆடு அண்டாது. ஆடு ஓயாமல் போகிற சந்து என்றால் நொச்சியும் ஆடாதொடையும் வைக்கலாம். ஆடு தொடாததால்தானே ஆடாதொடை! மொத்தச் செலவு ஒரு நாள் உழைப்பும் இரண்டு முள் கீறலும்.

காய்ந்த முள் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு வெள்ளைக்காரர் கதை. உப்பைக் கடத்திவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு வட இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைலுக்கு ஒரு வேலி போட்டது. ஏழையின் உப்பில் வரி வாங்கப் போட்ட அநியாய வேலி, அது தனிக் கதை. முதலில் வெறும் காய்ந்த முள்ளை வெட்டிப் போட்டார்கள். ஒரு மைலுக்குச் சுமார் 250 டன் முள் தேவைப்பட்டதாம். அதைக் கரையான் தின்றது, தீ தின்றது, மிச்சத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. 1867இல் சுங்க ஆணையராக வந்த ஏ.ஓ. ஹியூம் (பிற்பாடு 1885இல் காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்) கணக்குப் பார்த்தார். செத்த முள்ளுக்குப் பதிலாக உயிருள்ள முட்செடிகளை வளர்ப்பதே லாபம் என்று முடிவு செய்தார். வரி வாங்குகிற சர்க்காருக்கே தெரிந்த கணக்கு இது!

முள்கம்பியின் பிறப்பையும் பார்த்துவிடுங்கள். 1874இல் அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மரமும் கல்லும் கிடைக்காத புல்வெளியில் மாட்டைத் தடுக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. செம்மண்ணில் குச்சியை ஊன்றினாலே துளிர்க்கிற ஊரில் அந்தத் தேவை எங்கிருந்து வந்தது?

எதிர்ப்பேச்சும் உண்டு, இல்லாமல் இல்லை. "பாம்பு அடையும்" என்பது முதலாவது. கழிக்காமல் விட்ட வேலியில் அடையும்தான். வருஷம் ஒரு தடவை அடியைச் சுத்தம் பண்ணிக் கழித்து விடாதவர் வீட்டில் செங்கல் குவியலிலும் அடையும். இரண்டாவது, "இடத்தைத் தின்னும்". இது நியாயம். கடைத்தெருவை ஒட்டி இரண்டு சென்ட்டில் வீடு கட்டியவர் மூன்றடியை வேலிக்கு விட முடியாது. அவர் சுவர் வைக்கட்டும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. மூன்றாவதுதான் பலர் வெளியே சொல்லாதது: வேலி வருஷா வருஷம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு சாண் நகர்கிறது. அதற்கு மருந்து சுவர் இல்லை. சர்வேயர்தான். நில அளவைக்கு இப்போது இணையத்திலேயே மனு போடலாம். கல்லை நட்டுக்கொண்டு அந்தக் கோட்டிலேயே கிளுவை வையுங்கள். அளக்காமல் கட்டிய சுவர்தான் கோர்ட்டுக்கு இழுக்கும்.

சுவரில் இன்னொன்றும் இருக்கிறது. வேலி கெட்டால் ஆடு நுழையும். சுவர் கெட்டால்? 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து, அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். எல்லோரும் தலித்துகள். அந்த இடத்தில் ஒரு கிளுவை வேலி சரிந்திருந்தால் காலையில் எழுந்து திட்டிக்கொண்டே நிமிர்த்திக் கட்டியிருப்பார்கள். "நீட்டா" இருப்பதற்கு யார் விலை கொடுப்பது என்பதைக் காம்பவுண்டு கட்டுகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும்.

வேலியோடு சேர்ந்து போகிறவற்றுக்கு இன்னும் யாரும் கணக்கெடுக்கவில்லை. அதில் படர்ந்த கோவை, முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை. வேலிப்பருத்திக்குப் பெயரிலேயே வேலி இருக்கிறது, பாவம். குடியிருந்த செம்போத்து. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளக்கூட வழியில்லாமல் போய்விட்டது. அப்புறம் இந்த வீட்டு அடுப்புக்கு அந்த வீட்டு நெருப்பு வந்த சந்து. குழம்புக் கிண்ணம் கைமாறிய சந்து. சுவரில் அந்தச் சந்துக்கு இடமில்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. கிளுவைக்கு விதை தேடி யாரும் போவதில்லை, போத்துதான் விதை. அந்தப் போத்து இன்னொரு வீட்டு வேலியிலிருந்துதான் வர வேண்டும். போன வருஷம் மொத்தத்தையும் பிடுங்கிக் கம்பி வலை போட்டவர், வலை துருப்பிடித்த அன்று பக்கத்து வீட்டில் போத்து கேட்டுப் போய் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் ஹாலோ பிளாக் இறக்கியிருப்பார்.