வராதவர்களை அழைத்து வர யார் போவது?

திண்டுக்கல் மாவட்டத்தின் குஜிலியம்பாறை வட்டாரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் வசூலுக்கு ஆள் பஞ்சம் இருக்காது. வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு சுற்றும். கூடப் படித்தவர்கள், மில்லில் உடன் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டிலிருக்கும் பங்காளிகள் என்று ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். 2024இல் வயநாடு நிலச்சரிவுக்கு நிதி திரட்டத் திண்டுக்கல்லில் மொய் விருந்தே நடந்தது. கொடுப்பதில் இந்த மாவட்டத்துக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், புற்றுநோய்க்கு நம் கை நீள்வது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான். நோயிலிருந்து மீண்டவர்களையும் உண்டியல் பக்கமே நிறுத்திவிடுகிறோம். பரிசோதனைக்கு வர மறுப்பவர்களை வரவைக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்கு அரசு சம்பளமும் கொடுக்க வேண்டும்.

வசூலின் அருமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தத் துக்கத்தைச் சுமந்தே 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டத் தொடங்கினார். 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அன்று இங்கே புற்றுநோய்க்கென ஓர் ஆஸ்பத்திரியே இல்லை, பணம் திரட்டியதால் வந்தது. இன்று முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வாரக்கணக்கில் மதுரைக்குப் போய்க் கதிர்வீச்சு எடுப்பவரின் பஸ் செலவுக்கும் போன கூலிக்கும் இப்போதும் வசூல் வேண்டும்தான். ஆனால், நேரத்தோடு பரிசோதனைக்கு வரும் ஆட்கள்தான் குறைவு.

இதற்கு ஆதாரம் தேடி வெளியூர் போக வேண்டாம். 2000இல் தொடங்கி, நம் மாவட்டத்தின் 114 ஊராட்சிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறித்து ஓர் ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையின் கிறிஸ்தவ மருத்துவ நிலையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியது அது. பாதி ஊராட்சிகளில் 30 முதல் 59 வயது வரையான பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதியில் வழக்கமான கவனிப்பு. பரிசோதனை எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், நனைத்த பஞ்சைப் பயிற்சி பெற்ற நர்ஸ் கர்ப்பப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிடத்தில் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: அழைக்கப்பட்ட ஊர்களில் அந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. திண்டுக்கல் கிராமத்துப் பெண்களை வைத்து உலகமே கற்றுக்கொண்ட பாடம். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. கூச்சம், பயம், ஒருநாள் கூலி, வீட்டுக்காரரின் முகச்சுளிப்பு என்று வராமல் இருக்கக் காரணமா இல்லை? ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே’ என்பவரிடம் நர்ஸ் எவ்வளவு சொன்னாலும் அது ஆஸ்பத்திரிப் பேச்சு. ‘நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் அக்கா’ என்று நோயிலிருந்து மீண்ட அதே தெருக்காரி சொன்னால் அதன் எடை வேறு.

நோய் வந்ததை வெளியே சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சுகிற ஊர் இது. அந்த அச்சம் நியாயமானதே. அதனால் மீண்டவர்களில் விரும்பி முன்வருபவர்களை மட்டுமே இந்த வேலையில் சேர்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்ததும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்தி, மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது உதவாது. இலவசச் சேவை என்ற பெயரில் அவர்கள் உழைப்பைச் சுரண்டவும் கூடாது. சிகிச்சையில் கடன்பட்டு எழுந்தவரிடம் தியாகம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களோடு மீண்டவர்களையும் மாதச் சம்பளத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுக்கலாம். குஜிலியம்பாறை, வேடசந்தூர் ஒன்றியங்களில் மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கட்டும். நிதி திரட்டுபவர்கள் ஊர் வசூலில் ஒரு பங்கை, பரிசோதனையில் சந்தேகம் வந்து திண்டுக்கல்லுக்கு அனுப்பப்படுபவரின் வழிச்செலவுக்கு ஒதுக்கி, கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கட்டும். பரிசோதனை முகாம் நேரத்தை மில் ஷிப்ட் பார்த்து வைப்பதும் முக்கியம். காலை பத்து மணி முகாமுக்கு வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவார்?