பாட்டுக்கு நடுவே ‘டப் டப்’ சத்தம்: குற்றவாளி இலவச மென்பொருளா?

ஆர்டோர், எல்எம்எம்எஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் வீட்டிலேயே பாட்டு செய்பவர்கள் அதிகம் புலம்புவது ஒரு விஷயத்துக்குத்தான். பாட்டு ஓடும்போது நடுநடுவே ‘டப்’, ‘கர்ர்’ என்று சத்தம். ‘ஓசியில கிடைச்சா இப்படித்தான்’ என்று முடிவுகட்டி, சிலர் புது சவுண்டு கார்டு வாங்கக் கிளம்புகிறார்கள். சிலர் திருட்டு மென்பொருள் பக்கம் போகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு பொட்டலத்தின் அளவுதான் ‘பஃபர்’. நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில் பஃபர் 256 என்று வைத்தால், அடுத்த பொட்டலத்தைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் வெறும் 5.3 மில்லிநொடி. அதற்குள் எல்லா டிராக், எல்லா எஃபெக்ட் கணக்கையும் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலி அந்த இடத்தில் அறுந்துபோகும். லினக்ஸில் இதற்கு ‘எக்ஸ்ரன்’ என்று பெயர். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் இதே கதைதான்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

பாட்டை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, சாதாரண பிளேயரில் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்போர்ட்டின்போது கெடு எதுவும் இல்லாததால் கம்ப்யூட்டர் நிதானமாகக் கணக்குப் போடும். ஃபைலில் சத்தம் இல்லையென்றால் பாட்டு பத்திரம். பிரச்சினை ஓடவிடும்போது மட்டும்தான். ஃபைலிலும் இருந்தால் பஃபரை மாற்றிப் பயனில்லை. மாஸ்டர் லெவல் 0 டெசிபலைத் தாண்டிச் சிவப்பைத் தொடுகிறதா, ஏதாவது பிளக்இன் மக்கர் செய்கிறதா, ரெக்கார்டிங்கிலேயே சத்தம் பதிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* மிக்ஸிங் மட்டும் என்றால் பஃபரை 1024 ஆக்குங்கள். 21 மில்லிநொடி தாமதம் அந்த வேலைக்குத் தொந்தரவு தராது.

* கீபோர்டு வாசிக்கும்போது 128 அல்லது 256 தேவைப்படும். அப்போது ரிவர்ப் போன்ற கனமான எஃபெக்ட்களை அணைத்துவிடுங்கள்.

* லேப்டாப்பில் சார்ஜரைச் செருகி, பவர் சேவிங்கை நிறுத்துங்கள்.

* லினக்ஸில் இசை மென்பொருளுக்கு ‘ரியல்டைம்’ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரவுசரும் மற்ற வேலைகளும் குறுக்கே புகுந்துவிடும்.

ரெக்கார்டிங்கில் கூடுதல் கவனம்

ஓடவிடும்போது வரும் ‘டப்’ வந்த வழியே போய்விடும். ரெக்கார்டிங்கின்போது வந்தால் அது ஃபைலிலேயே உட்கார்ந்துகொள்ளும். பாடியவரை மறுபடி கூப்பிட வேண்டியதுதான். எனவே பெரிய பஃபர் வைத்து, பாடகர் தன் குரலை ஆடியோ இன்டர்ஃபேஸின் ‘டைரக்ட் மானிட்டர்’ வழியே கேட்பது நல்லது. எக்ஸ்ரன் வந்த இடத்தில் அடையாளம் வைக்கவும், ரெக்கார்டிங்கை உடனே நிறுத்தவும் ஆர்டோரில் வசதி உண்டு. அதை ஆன் செய்து வையுங்கள்.

இனி யார் பொறுப்பு?

சுமார் 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, ரியல்டைம் வசதி 2024இல் வெளியான லினக்ஸ் கர்னல் 6.12இல் நேரடியாகச் சேர்ந்தது. அடித்தளம் வலுவாகிவிட்டது, திரையில் வரும் விளக்கம்தான் போதவில்லை. ‘எக்ஸ்ரன் 14’ என்று எண்ணை மட்டும் காட்டினால் புதிதாக வருபவருக்கு என்ன புரியும்? ‘பஃபரைக் கூட்டிப் பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால், மென்பொருளைக் குறை சொல்லிவிட்டுப் போகும் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள்.