வியன்னாவில் ஒரு கோப்பைக் காப்பியும் நமது பேணுதலும்



வெளிநாடு சென்றால் ரொட்டியும் பழமும் போதும் என்பார் ஒரு சாரார். பயணத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பார் மறு சாரார். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நேரான பாதை இருப்பதை வியன்னா நகரின் காப்பியகம் ஒன்றில் உணர்ந்தேன்.

பளிங்கு மேசை, மரச்சட்டத்தில் கோத்த நாளிதழ், சிறு தட்டில் காப்பியோடு வரும் ஒரு குவளைத் தண்ணீர். நுரைத்த பாலுடன் கூடிய ஒரு ‘மெலாஞ்ச்’ வாங்கி நெடுநேரம் அமர்ந்திருந்தாலும் எழச் சொல்வாரில்லை. இப்பண்பாடு 2011இல் யுனெஸ்கோ சார்ந்த ஆஸ்திரிய மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தப் பானம் நமக்கு அந்நியமன்று. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்கக் காப்பி அருந்தினர். ‘கஹ்வா’ என்னும் அரபுச் சொல்லே துருக்கியர் வழியாக ஐரோப்பா சென்றது. வியன்னாவில் 1685இல் காப்பி விற்கும் உரிமம் பெற்றவர் யோஹன்னஸ் தியோதாத்தோ என்னும் ஆர்மீனியர்.

ஆயினும் அங்குள்ள இனிப்புகளில் கவனம் தேவை. ஆப்பிள் ஸ்ட்ரூடலில் இடும் உலர்திராட்சையைப் பலர் ரம்மில் ஊறவைக்கின்றனர். ‘புன்ஷ்கிராப்ஃபன்’ என்னும் இளஞ்சிவப்புக் கேக்கில் ரம் சேர்ப்பதே மரபு. ‘ஃபியாக்கர்’, ‘மரியா தெரேசியா’ என்னும் காப்பி வகைகளிலும் மது உண்டு. குளிரூட்டிய கிரீம் கேக்குகளில் பன்றி ஜெலட்டின் இருக்கலாம். உணவுப் பட்டியலில் காணும் ஏ, சி, ஜி முதலான ஆங்கில எழுத்துகள் கோதுமை, முட்டை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களையே குறிக்கும்; மதுவையோ பன்றிப் பொருளையோ குறிப்பதில்லை. ஆகவே வாய் திறந்து கேட்பதே வழி.

என் மகள் ஸ்ட்ரூடல் கேட்டாள். பரிமாறுபவரிடம் வினவினேன். அவர் முகம் சுளிக்காமல் சமையலறைக்குச் சென்று விசாரித்து வந்து, “இதில் ரம் உண்டு, சாக்லேட் கேக்கில் இல்லை” என்றார். “ஆப்பிள்தானே வாப்பா?” என்று மகள் வாடினாள். காரணத்தைச் சொன்னேன். சற்று மௌனமாக இருந்தவள், ஆப்ரிகாட் ஜாம் தடவிய அந்தக் கேக்கை மகிழ்ந்து உண்டாள். மறுநாள் வேறொரு கடையில், நான் கேட்கும் முன்னரே அவளே கேட்டாள்.

கேட்பதற்கு வெட்கப்பட்டு நாம் வாளாவிருந்தால், ஹலால் என்பது வீட்டுக்குள் மட்டும் உரியது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வர். எல்லாவற்றையும் மறுத்தாலோ, மார்க்கம் என்றாலே இழப்பு என்று எண்ணிவிடுவர். விசாரித்து, அனுமதிக்கப்பட்டதை நன்றியுடன் உண்பதே அவர்களுக்கு நாம் தரும் பாடம்.

இன்னொன்றும் உண்டு. அந்த இருக்கையின் சுகம் அஸரை மறக்கச் செய்துவிடும். இரவு வணக்கத்துக்காக விழித்திருக்க முன்னோர் அருந்திய பானம், நமது தொழுகையைத் தவறச் செய்யலாகாது. கோப்பையை வைத்துவிட்டு எழுவோம்.