மரபணு என்ற சொல்லும் மறைக்கப்படும் நோயும்

வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயத் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் தமிழ்ப் பெண்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையேனும் தொட்டறியாதவர்கள். ஆதலால் நுரையீரற் புற்றுநோய் தமக்குரியதன்று என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் தவறானது. புகைபிடிக்காதோருக்கும் இந்நோய் வருகின்றது. அவ்வாறு வரும்போது அது பெரும்பாலும் வேறொரு வகையினதாக இருக்கின்றது.

உயிரணுவின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர் என்னும் புரதம் உண்டு. வளர்ச்சிக்கான கட்டளையை ஏற்று உள்ளே அனுப்புவது அதன் பணி. அதற்குரிய மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், புரதத்தின் 858ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் வந்தமர்ந்துவிடும். அணைக்க முடியாத மின்விசையைப் போல, கட்டளை இல்லாமலே உயிரணு பெருகத் தொடங்கும். 2004இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் இத்தகைய மாற்றங்களைக் கண்டறிந்தனர். 2007இல் ஜப்பானியர் ஏ.எல்.கே என்னும் இன்னொரு வகையைக் கண்டனர். 2009இல் வெளியான கிழக்காசிய ஆய்வொன்றில் 1,217 நோயாளர் பங்கேற்றனர். இ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் உள்ளோரிடம் ஜெஃபிட்டினிப் மாத்திரை கீமோ சிகிச்சையை விஞ்சியது. மாற்றம் இல்லாதோரிடமோ, அதே மாத்திரை கீமோவைவிட மோசமான விளைவையே தந்தது. ஆகவே கட்டியின் வகையை அறியாமல் மருந்தைத் தெரிவுசெய்ய இயலாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் குறிப்பிடல் வேண்டும். பிரித்தானியப் படிவங்களில் 'ஆசியர்' என்றால் பெரும்பாலும் தெற்காசியர். மருத்துவ ஆய்வுகளில் அது பெரும்பாலும் சீனரையும் ஜப்பானியரையும் கொரியரையும் குறிக்கும். இந்நோயின் அடினோகார்சினோமா வகையில் இம்மாற்றம் கிழக்காசியரிடம் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், ஐரோப்பியரிடம் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கும் காணப்படுகின்றது. இந்திய ஆய்வுகள் இடைப்பட்ட அளவைக் காட்டுகின்றன. தோற்றத்தைக் கொண்டு ஊகிப்பது சோதனைக்கு ஈடாகாது. புகைபிடித்தவரிடமும் இம்மாற்றம் இருக்கக்கூடும்.

ஆனால் தமிழ்க் குடும்பங்களில் தடையாக நிற்பது விஞ்ஞானமன்று, சொல். 'மரபணு' என்றதும் மரபு, பரம்பரை, பெண்ணுக்குப் பேசிய சம்பந்தம் என்று மனம் ஓடுகின்றது. தாயின் நோய் மகளின் திருமணத்தைக் கெடுக்கும் என்று அஞ்சி, நோயின் பெயரே வீட்டுக்குள் பூட்டப்படுகின்றது. உண்மையில் இம்மாற்றம், மிக அரிதான விதிவிலக்குகள் நீங்கலாக, ஒருவரது வாழ்நாளில் நுரையீரல் உயிரணுவில் மட்டும் நிகழ்வது. பிள்ளைகளுக்குச் செல்வதன்று. 2023இல் இலண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வுக்கூடம் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏற்கெனவே இம்மாற்றத்தைத் தாங்கி உறங்கும் உயிரணுக்களை மாசடைந்த காற்றின் நுண்துகள்கள் தூண்டிவிடுகின்றன. பழியைக் குலத்தின்மீது சுமத்த இதில் இடமேது?

இங்கிலாந்தின் நுரையீரல் முன்னறி பரிசோதனைக்கான அழைப்பு 55 முதல் 74 வயது வரையிலான, புகைபிடிக்கின்ற அல்லது முன்னர் புகைபிடித்த மக்களுக்கே அனுப்பப்படுகின்றது. புகைக்காத அம்மாவுக்குக் கடிதம் வராது. மூன்று வாரம் கடந்தும் நீடிக்கும் இருமலை அவரே குடும்ப வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாதபோதும் இருமல் நீடித்தால் மீண்டும் செல்ல வேண்டும்.

பல வீடுகளில் அங்கே மொழிபெயர்ப்பவர் மகனோ மகளோதான். அம்மா கலங்கக்கூடாதென்று 'சளி' என்று மென்மையாக்கிச் சொல்லும் அந்தப் பிள்ளையின் அன்பு புரிந்துகொள்ளத் தக்கதே. எனினும் வைத்தியசாலையில் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அப்போது மகள் மகளாகவே அருகில் அமர்ந்திருக்கலாம். நோய் உறுதியானால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "கட்டியின் மரபணுச் சோதனை செய்யப்பட்டதா, முடிவு என்ன?" 2025 முதல் இங்கிலாந்தில் இதற்கு இரத்தப் பரிசோதனையும் விரிவாக்கப்பட்டுள்ளது. முற்றிய நிலையில் இம்மாத்திரைகள் நோயை முற்றாக ஒழிப்பதில்லை. காலப்போக்கில் கட்டி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். அப்போதும் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம்.